கார் நம்முது, காசு குழந்தைகளுக்கு: கொங்குப் பக்கம் நிதி திரட்டும் கார் கண்காட்சி நடத்தும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் 40 கார் வந்து நிற்கும். ஐந்நூறு பேர் சுற்றிப் பார்த்துப் படம் எடுப்பார்கள். மாலையில் மண்டபத்துக்கும் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் கொடுத்தது போக எண்ணிப் பார்த்தால், குழந்தைகள் அறக்கட்டளைக்குக் கொடுக்க ஒரு செட் டயர் வாங்கும் பணம்கூட மிஞ்சாது. ஆர்வலர் குழுக்கள் நல்ல மனதோடு நடத்தும் பல நிகழ்ச்சிகள் இப்படித்தான் முடிகின்றன. கூட்டம் குறைந்ததால் அல்ல, செலவையும் நன்கொடையையும் ஒரே பையில் போட்டதால்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மண்டப வாடகை, கரண்ட், துப்புரவு சேர்த்து 45,000 ரூபாய். பந்தல், நாற்காலி, மைக் 20,000. அச்சு வேலை 10,000. குடிநீர், கூடுதல் கழிப்பறை 7,000. தீயணைப்பான் வாடகை, முதலுதவி 6,000. ஒரு நாள் பொறுப்புக் காப்பீடு (விபத்து நடந்தால் பிறருக்கு இழப்பீடு தர) 4,000. எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு. ஆக ஏறக்குறைய ஒரு லட்சம். ஊருக்கு ஊர் தொகை மாறும், விகிதம் அவ்வளவாக மாறாது. இப்போது வரவு: 40 கார், காருக்கு 1,000 வீதம் 40,000. அறுபதாயிரம் துண்டு விழுகிறது. குழந்தைகளுக்கு இன்னும் ஒரு பைசா சேரவில்லை.

அதனால் முதல் விதி: கதவு திறப்பதற்கு முன்பே செலவு முழுவதும் ஸ்பான்சர் தலையில் ஏறியிருக்க வேண்டும். அன்றைக்கு விழும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அறக்கட்டளைக் கணக்குக்குப் போக வேண்டும். குழுவின் கை வழியாகக்கூடப் போகக் கூடாது.

யாருக்குக் கொடுக்கிறோம்

அறக்கட்டளையைத் தேர்ந்த பிறகு நிகழ்ச்சியைத் திட்டமிடுங்கள். பல குழுக்கள் தேதி, டி-ஷர்ட், லோகோ எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் "யாருக்குங்க கொடுக்கறது?" என்று தேடுகின்றன.

கேட்க வேண்டிய காகிதங்கள் அதிகமில்லை. டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்கப் பதிவு, வருமான வரித் துறையின் 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரி விலக்கு) பதிவுகள் நடப்பில் இருப்பதற்கான ஆணை, கடைசி இரண்டு ஆண்டு தணிக்கை அறிக்கை. 80ஜி பதிவு உண்மையா என்று வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே பான் எண் போட்டுப் பார்க்கலாம். குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லமாக இருந்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவுச் சான்றும் வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் கேட்டுவிடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். காகிதம் கேட்டால் கோபித்துக்கொள்ளும் அமைப்புக்குப் பணம் திரட்டித் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அடுத்து, பணம் எதற்கு என்பதை ஒரு பொருளாகச் சொல்லச் சொல்லுங்கள். "குழந்தைகள் நலனுக்காக" என்று பேனர் வைத்தால் 100 ரூபாய் போடுவார்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஒரு குழந்தைக்கு மாதம் இன்சுலினுக்கும் பரிசோதனை ஸ்ட்ரிப்புக்கும் இவ்வளவு என்று எழுதி வைத்தால், ஒருவர் ஒரு மாதத்தை ஏற்பார், இன்னொருவர் ஒரு வருடத்தையே ஏற்பார். அந்தத் தொகையை நீங்கள் ஊகித்து எழுதாதீர்கள். அறக்கட்டளையிடம் எழுத்தில் வாங்குங்கள். பொருளாக இன்சுலின் வாங்கித் தருகிறோம் என்று கிளம்பவும் வேண்டாம். அது குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து, வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் கெட்டுப்போகும். பொருளாகக் கொடுத்தால் 80ஜி விலக்கும் கிடையாது, அது பணத்துக்கு மட்டும்தான்.

ஸ்பான்சரிடம் கேட்கும் விதம்

கோவையில் ஒர்க்‌ஷாப், டயர் கடை, பெயின்ட் பூத், உதிரிபாகத் தயாரிப்பாளர். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி உரிமையாளர்கள். கரூரில் பஸ் பாடி கட்டுவோர். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள். வண்டி என்றாலே காது கொடுக்கும் ஊர்கள் இவை. ஆளுக்கு 20,000 வீதம் ஐந்து பேர் போதும், மேலே சொன்ன ஒரு லட்சம் அடைந்துவிடும்.

அவர்களிடம் பணமாக வாங்காதீர்கள். "மண்டப வாடகையை நீங்க நேராக் கட்டிருங்க, பந்தல் பில்லை அவரு கட்டட்டும்" என்று பிரித்துவிடுங்கள். பில் அவர்கள் நிறுவனப் பெயரிலேயே வரும், விளம்பரச் செலவாகக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். உங்கள் குழுவுக்கு வங்கிக் கணக்கோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத குறையும் இதில் அடைபடும். பேனரில் பெயர் போடுவதற்காகத் தரும் பணமும் நன்கொடையும் ஒன்றல்ல. முன்னதற்கு 80ஜி ரசீது கேட்டால் தர முடியாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மாதமும் இடமும்

மண்டபம் மலிவாகக் கிடைப்பது முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும். ஆடி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஷாமியானா நிச்சயம் பறக்கும். பறந்து விழுவது யாரோ நாலு வருடம் செலவழித்துப் பெயின்ட் அடித்த பழைய கான்டெஸ்ஸா காரின் பானெட் மேலாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. பங்குனி, சித்திரை வெயிலில் பழைய வண்டிகள் கொதிக்கும். மார்கழிதான் சரி: அரையாண்டு விடுமுறை, குடும்பத்தோடு வருவார்கள், காலைக் குளிரில் பழைய வண்டிகளும் சூடேறாமல் வந்து சேரும். தையில் வைத்தால் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் சாலைகளைத் தவிருங்கள். விடியற்காலை இருட்டில் சாலையோரம் நடப்பவர்களுக்கு நடுவே கார் வரிசை ஓட்டுவது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

இடத்தின் அளவு: காட்சிக்கு நிற்கும் ஒரு காருக்கு 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம். நடைபாதையில் அதன் பங்கையும் சேர்த்தால் 27 சதுர மீட்டர், அதாவது முக்கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. 40 காருக்கு 30 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருபவர்களின் வண்டிக்குத் தனியாக இதில் இரண்டு மடங்கு. அதை மறந்தால் வண்டிகள் மெயின் ரோட்டில் நிற்கும், முதல் ஒரு மணி நேரத்திலேயே போலீஸ் வந்து நிற்கும்.

அனுமதி கோவை, திருப்பூர், சேலம் மாநகருக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் வழியாக. கடிதத்தில் "ரேலி" என்ற சொல்லை எழுதாதீர்கள். "நிறுத்திவைத்த கார்களின் கண்காட்சி" என்று எழுதுங்கள். உண்மையும் அதுவாகவே இருக்கட்டும்.

செய்யக் கூடாத மூன்று

முதலாவது, காசு வாங்கிக்கொண்டு காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது. "கான்டெஸ்ஸாவில் ஒரு ரவுண்ட் 200 ரூபாய்" என்பது எல்லாருக்கும் தோன்றும் யோசனை. வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் பர்மிட் இல்லாத வாடகை வண்டி ஆகிவிடும். தனியார் கார் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்: வாடகை அல்லது கூலிக்கான பயன்பாடு, ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை, வண்டி தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் நம்பகச் சோதனை எல்லாம் காப்பீட்டுக்கு வெளியே என்று எழுதியிருக்கும். ஒரு சின்ன மோதல் நடந்தாலும் கம்பெனி கை விரிக்கும், உரிமையாளர் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். அது தர்ம காரியம் என்பது அங்கே எடுபடாது.

இரண்டாவது, குலுக்கல். 50 ரூபாய் சீட்டு வாங்கினால் அலாய் வீல் பரிசு என்பது லாட்டரிதான். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. சீட்டுக்குப் பதில் ஏலம் வையுங்கள், அதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாவது, சாலையில் வேகம். பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். நேரக் கணக்கு வைத்து ஓட்டும் போட்டி கூட மேலே சொன்ன காப்பீட்டு விலக்குக்குள் வரக்கூடும். வேகம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் அது வேறு அனுமதி, வேறு பட்ஜெட். முதல் முறை நடத்துபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். கண்காட்சியில் நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வெடிச்சத்தம் காட்டுவதும் இதே ரகம். கைக்குழந்தைகள் வரும் இடம். பதிவுப் படிவத்திலேயே "என்ஜின் ஆஃப்" என்று கையெழுத்து வாங்குங்கள், மீறினால் வண்டி வெளியே.

வண்டிகள் வரும் வழி

ஊர் ஊராகக் கூடி வரிசையாக வருவதானால் மலைப்பாதையைத் தொடாதீர்கள். வால்பாறை 40 கொண்டை ஊசி, திம்பம் 27. டிரம் பிரேக் வண்டிகள் இறக்கத்தில் சூடேறிப் பிடிமானம் இழக்கும், முன்னால் போகும் வண்டியை ஒட்டியே போனால் இன்னும் சீக்கிரம். கோவையிலிருந்து ஈச்சனாரி, கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆனைமலை என்ற சமவெளிப் பாதையோ, பவானி, கவுந்தப்பாடி, கோபி பாதையோ போதும்.

ஒரு குழுவில் எட்டு வண்டிக்கு மேல் வேண்டாம். முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் டூல் கிட், இழுவைக் கயிறு, 10 லிட்டர் தண்ணீரோடு ஒரு வண்டி. மிக மெதுவாக ஓடும் வண்டி முன்னோடிக்கு அடுத்து வரட்டும், பின்னால் விட்டால் அது விரட்டிப் பிடிக்க முயலும். டோல்கேட்டில் வரிசை கட்டாயம் அறுபடும். அறுபட்டால் காத்திருக்க ஓர் இடத்தை முன்பே சொல்லிவிடுங்கள், ஓரங்கட்டி நிற்பது தேசிய நெடுஞ்சாலையில் ஆபத்து. ஓடும்போது ஹசார்டு லைட் போடாதீர்கள், திரும்புவது தெரியாமல் போகும்.

மண்டப வாசலில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் நின்றால் பழைய பத்மினியும் பெட்ரோல் அம்பாசடரும் ஐடிலில் சூடேறும். விசிறி மெதுவாகச் சுற்றும், என்ஜினை ஒட்டியிருக்கும் ஃபியூயல் பம்பில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிப் பதினைந்து நிமிடம் விட்டால் சரியாகும். அதுவரை வாசல் அடைபட்டிருக்கும் என்பதுதான் தொந்தரவு. ஏழு மணிக்குப் பத்து வண்டி, 7.20-க்கு அடுத்த பத்து என்று நேரம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்களை வாசல் பக்கம் நிறுத்துங்கள். கூட்டத்துக்கு நடுவே மாலை நான்கு மணிக்கு முன் எந்த வண்டியும் நகரக் கூடாது.

நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பழைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எட்டு வண்டிக்கு ஒரு 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான். என்ஜினுக்கு அடியில் தட்டோ தடித்த அட்டையோ கட்டாயம். அம்பாசடர் எண்ணெய் சொட்டாமல் நிற்பது அபூர்வம், மண்டபத்துப் பேவர் கல்லில் கறை பட்டால் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

பணம் வரும் இடங்கள்

அதிகம் வருவது நன்கொடை மேசையிலும் ஏலத்திலும்தான். மற்றதெல்லாம் கூட்டத்தை நிறுத்திவைக்க.

நன்கொடை மேசையில் அறக்கட்டளையின் சொந்த க்யூஆர் அட்டை மட்டும் இருக்க வேண்டும். நிர்வாகி ஒருவரின் ஜிபே எண்ணை வைத்துப் பிறகு மாற்றித் தருகிறோம் என்பது, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருக்கே வம்பு: அது அவர் கணக்கில் வந்த பணமாக நிற்கும், கொடுத்தவருக்கும் ரசீது கிடைக்காது. மேசையில் அறக்கட்டளை ஆள் ஒருவர், குழு ஆள் ஒருவர், ஒரு நோட்டு. கல்யாணத்தில் மொய் எழுதுவது போலவே: பெயர், ஊர், தொகை, கூடவே முகவரியும் பான் எண்ணும். எழுதி முடித்ததும் மைக்கில் பெயரையும் ஊரையும் படியுங்கள், சம்மதம் கேட்டுவிட்டு. "திருச்செங்கோட்டிலிருந்து வந்த ஐயா ஆறு மாத இன்சுலின் செலவை ஏற்கிறார்" என்று காதில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் கையும் பாக்கெட்டுக்குப் போகும்.

80ஜி பற்றி நாலு விஷயம் மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கு எப்படிக் கொடுத்தாலும் இந்த விலக்கு இல்லை. டி-ஷர்ட், சாப்பாடு, காட்சிக் கட்டணம் என்று ஏதாவது திரும்பப் பெற்றுக்கொண்டு கொடுத்த பணம் நன்கொடை ஆகாது, அதனால் அவற்றுக்குத் தனி ரசீது புத்தகம். வெளிநாட்டில் இருப்பவர்களில் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான) பதிவு உள்ள அறக்கட்டளைக்கு மட்டும், அதன் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்ப முடியும். வாட்ஸ்அப்பில் க்யூஆரைப் பரப்பும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.

நுழைவுச் சீட்டு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சீட்டு போட்டால் கேளிக்கை வரி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டியிருக்கும், வாசலில் சில்லறைச் சண்டையும் வரும். "அம்பது ரூபா குடுத்தாச்சே" என்ற திருப்தியில் பலர் நன்கொடை மேசையைக் கடந்தும் போய்விடுவார்கள்.

ஏலம்: ஈரோட்டு மஞ்சள் மண்டியும் கவுந்தப்பாடி சர்க்கரை ஏலமும் நடக்கும் நாட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருள் தேர்வில்தான் கவனம். பன்னிரண்டு பொருளுக்கு மேல் போனால் சலித்துவிடும். அம்பாசடர் கிரில், பழைய ஸ்டியரிங், எனாமல் போர்டு போன்றவை ஆர்வலர்களுக்கு. ஒரு வருட வாட்டர் வாஷ், வீல் அலைன்மென்ட், ஒர்க்‌ஷாப்பின் பத்து மணி நேர வேலைக்கூலி போன்ற கூப்பன்கள் எல்லாருக்கும். கூப்பன்கள்தான் நன்றாகப் போகும், கொடுப்பவருக்கும் கைக்காசு செலவில்லை. காலாவதித் தேதியும் எதெல்லாம் சேராது என்பதும் கூப்பனிலேயே இருக்கட்டும். சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். மூணு தரம் சொன்னதும் பணம் அறக்கட்டளைக் கணக்கில் ஏறிய பிறகே அடுத்த பொருள். உற்சாகத்தில் கேட்டுவிட்டு நழுவுபவர்கள் உண்டு, அதனால் இரண்டாவதாகக் கேட்டவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தைக் கட்டிப்போடுவது ஸ்டெப்னி மாற்றும் போட்டி. இரண்டு பேர் கொண்ட அணி, அணிக்கு 200 ரூபாய், திறமைப் போட்டி என்பதால் குலுக்கல் சிக்கல் இல்லை. ஆனால் ஓடும் காரில் நடத்தாதீர்கள். அவசரத்தில் நட்டைக் கோணலாக ஏற்றித் திரெட்டைக் கெடுப்பார்கள், ஜாக் சரியும், பாதி இறுகிய சக்கரத்தோடு அந்தக் கார் வீட்டுக்குக் கிளம்பும். காயலான் கடையில் சின்னக் கார் ஒன்றின் நாலு போல்ட் ஹப் வாங்கி, கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில் கனமான சி-சேனல் (C வடிவ இரும்பு) அடித்தளத்தில் வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் அடி தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்தால் போதும். ஜாக்கே தேவையில்லை. ஹப் சுழலாதபடி ஒரு கம்பியையும் வெல்ட் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் நட்டோடு சக்கரமும் சுற்றும். ஸ்டட்டும் நட்டும் உபரியாக ஒரு டஜன் வையுங்கள், நாற்பது அணிக்குப் பிறகு திரெட் தேய்ந்துவிடும். கையுறையும் மூடிய செருப்பும் இல்லாதவருக்கு இடமில்லை: சக்கரம் பத்துக் கிலோ வாக்கில் இருக்கும், விழுவது கால் விரலில். நட்டுகளைக் கோணத்தில் எதிரெதிராக இறுக்காத அணிக்கு ஐந்து விநாடி அபராதம் போட்டால் பார்ப்பவர்களும் சரியான முறையைக் கற்றுக்கொள்வார்கள்.

டி-ஷர்ட் பக்கத்திலேயே திருப்பூரில் கிடைக்கிறது என்பதாலேயே பலர் அதில் பணத்தை இழக்கிறார்கள். முன்பதிவும் முன்பணமும் வந்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட அடிக்காதீர்கள். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி, ஸ்கிரீன் பிரின்ட்டில் இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம், நிறத்துக்கு நிறம் விலை ஏறும். மாதிரி ஒன்றை வாங்கி இழுத்துப் பார்த்துத் துவைத்தும் பாருங்கள். அச்சு விரிசல் விட்டால் சரியாகச் சூடு கொடுக்கவில்லை. மூன்று வாரம் முன்பே ஆர்டர்.

சாப்பாட்டை உணவுப் பாதுகாப்புப் பதிவு உள்ள சமையல்காரரிடம் விட்டுவிடுங்கள். அரிசிம்பருப்பு சாதம் என்றால் 100 பேருக்கு 9 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு என்பது உத்தேசம். கேஸ் அடுப்பு கார்களிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பாட்டுக்கு சினிமாப் பாட்டு போட்டால் உரிமக் கட்டணம் கேட்டு வருவார்கள், வள்ளி கும்மிக் குழு ஒன்றை அழைத்தால் அந்தக் கவலை இல்லை, கூட்டமும் கலையாது.

குழந்தைகள்

அறக்கட்டளைக் குழந்தைகளை மேடையேற்றி வரிசையாக நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் அது அழகில்லை. பார்க்க விரும்பும் குழந்தைகளை இல்லப் பொறுப்பாளரோடு கூட்டம் சேரும் முன் எட்டு மணிக்கே அழைத்து, கதவைத் திறந்து உட்காரவைத்து, ஹார்ன் அடிக்கவிட்டு அனுப்புங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு எல்லாருடைய கேமராவும் பைக்குள் இருக்கட்டும்.

கணக்கு

உண்டியலை முத்திரையிட்டு வையுங்கள். அறக்கட்டளை ஆள், குழு ஆள், வெளியாள் ஒருவர் என மூவர் முன்னால் திறந்து எண்ணி, தாளில் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ரொக்கம் அன்றிரவு யார் வீட்டில் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். திங்கட்கிழமை காலை வங்கி திறந்ததும் அறக்கட்டளைக் கணக்கில் கட்டி, சலான் படத்தைக் குழுவில் போடுங்கள். ஸ்பான்சர் கட்டிய பில்கள், மேசை நோட்டின் மொத்தம், ஏல வரவு மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டுப் பத்து நாளுக்குள் அனுப்பிவிட்டால் அடுத்த வருடம் ஸ்பான்சர் வாசலில் காத்திருக்கும் நேரம் குறையும்.

80ஜி சான்றிதழை உங்கள் ரசீதை வைத்து வாங்க முடியாது. அறக்கட்டளை நன்கொடைப் பட்டியலை வருமான வரித் துறையில் தாக்கல் செய்த பிறகு 10பிஇ என்று சொல்லப்படும் சான்றிதழாக அது வரும். வழக்கமாக நிதியாண்டு முடிந்து மே மாதக் கடைசிக்குள். மார்கழியில் கொடுத்தவர் பங்குனியிலேயே போன் செய்து "சர்டிபிகேட் எங்கீங்க?" என்பார். மேசையில் பணம் வாங்கும்போதே எப்போது வரும் என்பதைச் சொல்லி, பான் எண்ணை ஒரு முறை படித்துக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்த மறுபடி தாக்கல் செய்யும் வேலை அறக்கட்டளையின் தலையில் விழும்.